பக்கத்தில் இருந்தவள் பெயர் என்ன?

கல்லூரியின் முதல் நாள். அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறை. மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேராசிரியை சொல்கிறார்: “ஒவ்வொருத்தரா எழுந்து பேர், ஊர், படிச்ச ஸ்கூல், ஹாபி சொல்லுங்க. இங்கிலீஷ்ல.”

முதல் பெஞ்சின் இடது ஓரத்தில் தொடங்குகிறது. நான்காவது பெஞ்சில் இருக்கும் பெண் தலைகளை எண்ணுகிறாள். தனக்கு முன்னால் பதினேழு பேர். ‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பிக்காதே என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறான். ‘ஐ ஆம்’ சரியா, ‘மை நேம் இஸ்’ சரியா? தமிழ்வழியில் படித்த பள்ளியின் நீளமான பெயரை எப்படிச் சொல்வது? பன்னிரண்டு பேர். உள்ளங்கை ஈரமாகிறது. ஆறு பேர். துப்பட்டாவின் நுனி விரலைச் சுற்றி இறுகுகிறது. பக்கத்தில் இருப்பவள் எழுகிறாள். ஏதோ சொல்கிறாள், வகுப்பே சிரிக்கிறது, உட்காருகிறாள். இவள் எழுந்து நான்கு வாக்கியங்கள் சொல்கிறாள். இருபது நொடி. அவ்வளவுதான்.

இடைவேளையில் பக்கத்தில் இருந்தவள் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டியபடி பேச்சுக் கொடுக்கிறாள். இவளுக்கு அவள் பெயர் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. வகுப்பு எதற்குச் சிரித்தது என்பதும் தெரியவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்பு, ஓர் அடி தூரத்தில், உரக்கச் சொல்லப்பட்ட விஷயங்கள் அவை. ஆனால் ‘ஹாபி’ என்ற இடத்தில் தன் குரல் உடைந்தது மட்டும் அன்றிரவு விடுதியில் தூங்கவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நிருபராகச் சேர்ந்த புதிதில் எனக்கும் இது நடந்திருக்கிறது. பிரஸ் மீட்டில் கேள்வி கேட்கக் கையை உயர்த்திவிட்டு என் முறைக்காகக் காத்திருப்பேன். அலுவலகம் வந்து நோட்டைப் பிரித்தால், என் கேள்விக்கு முந்தைய இரண்டு கேள்விகளின் பதில்கள் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருக்கும். காது அங்கேதான் இருந்தது. பேனாவும் கையில்தான் இருந்தது. கவனம் மட்டும் அங்கே இல்லை.

கூச்சம், சபைக் கூச்சம், மேடை பயம் என்று நம்மிடம் இதற்குப் பெயர்கள் உண்டு. இப்போது இளைஞர்கள் ‘சோஷியல் ஆங்ஸைட்டி’ என்கிறார்கள். பயத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அந்தப் பயம் ஒருவர் எதைக் கவனிக்கிறார், எதை நினைவில் வைத்துக்கொள்கிறார் என்பதையே மாற்றி எழுதிவிடுவதைப் பற்றிப் பேசுவதில்லை. படிப்பிலும் வேலையிலும் உறவிலும் விழுகிற அடி அங்கிருந்துதான் வருகிறது.

‘அடுத்தது நான்’

1973-ல் மால்கம் பிரென்னர் என்ற உளவியல் ஆய்வாளர் ஓர் எளிய சோதனை செய்தார். ஆட்களை ஒன்றாக உட்காரவைத்து, ஒருவர் பின் ஒருவராக அட்டையில் உள்ள சொல்லை உரக்கப் படிக்கச் சொன்னார். பிறகு, கேட்ட சொற்களையெல்லாம் நினைவிலிருந்து சொல்லச் சொன்னார். தாங்கள் படித்த சொல்லை அவரவர் நன்றாகவே சொன்னார்கள். தங்கள் முறைக்குச் சற்று முன்னால் மற்றவர்கள் படித்த சொற்கள்தான் காணாமல் போயிருந்தன. பின்னால் வந்த ஆய்வுகள் காரணத்தைத் துல்லியமாக்கின. அந்தச் சொற்கள் மனதில் பதிந்து பிறகு மறந்துபோகவில்லை, பதியவே இல்லை.

இது மனிதர்கள் எல்லோருக்கும் நடப்பது. சமூகப் பதற்றம் மிகுந்தவருக்கு இந்த ‘அடுத்தது நான்’ நாள் முழுக்க நீள்கிறது. ஷேர் ஆட்டோவில் இறங்குமிடம் சொல்வது, டீக்கடையில் சில்லறை கேட்பது, ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் பார்வை தன் பக்கம் திரும்புவது என எல்லாமே அவருக்கு முறை வரப்போகிற வரிசைகள். முறைக்கு முந்தைய நிமிடங்கள் எல்லாம் வெள்ளைத்தாள்.

உள்ளே திரும்பிய கேமரா

இங்கிலாந்து உளவியலாளர்கள் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் ஆகிய இருவரும் 1995-ல் கொடுத்த விளக்கம்தான் இன்றும் பல சிகிச்சைகளுக்கு அடிப்படை. நாலு பேர் முன் நிற்கும்போது எதிரில் இருப்பவர்களை நோக்கியிருக்க வேண்டிய கேமரா, சமூகப் பதற்றம் உள்ளவருக்குத் தன்னை நோக்கித் திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, கை எங்கே இருக்கிறது, வியர்வை தெரிகிறதா என்று அது தன்னையே படம் பிடிக்கிறது. வெளியே யாரும் எதுவும் சொல்லாதபோதும், உள்ளே உணர்கிற சூட்டையும் படபடப்பையும் வைத்தே ‘நான் இப்படித்தான் தெரிகிறேன்’ என்று ஒரு சித்திரம் தயாராகிறது. முகம் சூடாக இருக்கிறது, ஆகவே எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். இப்படி ஒரு தர்க்கம்.

வெளியே போக மிச்சமிருக்கும் கொஞ்சக் கவனமும் ஆபத்தைத் தேடித்தான் போகிறது. திரையில் இரண்டு முகங்களை அரை நொடி காட்டி, கவனம் எந்தப் பக்கம் போகிறது என்று அளக்கும் சோதனைகள் உண்டு. 2004-ல் வெளியான அப்படிப்பட்ட ஓர் ஆய்வில், சமூகப் பதற்றக் கோளாறு உள்ளவர்களின் கவனம் கோபமான முகத்தின் பக்கம் முதலில் போனது. நிஜ வாழ்க்கையில் நடப்பது இதைவிடக் கொடுமை. பதற்றம் உள்ளவர் சுருங்கிய புருவத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு உடனே தலை குனிந்துகொள்வார். அடுத்த கணம் அந்த முகம் சிரித்ததை அவர் பார்ப்பதில்லை. பார்க்காதது நினைவில் எப்படி இருக்கும்?

பிறகு வீடு திரும்பி அந்த நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்கிறார். இந்த ஆய்வுகளில் என்னை உலுக்கிய இடம் இதுதான். ஒரு நினைவு நமக்கு இரண்டு விதமாக வரலாம்: நம் கண் வழியே பார்த்தபடி, அல்லது வெளியிலிருந்து நம்மையே பார்க்கிறபடி. 1983-லேயே உளவியலாளர்கள் நிக்ரோ, நைஸர் இருவரும் இதைப் பிரித்துக் காட்டினார்கள். சமூகப் பதற்றம் உள்ளவர்கள், நாலு பேர் நடுவே சங்கடப்பட்ட தருணங்களை இரண்டாவது விதமாகவே அதிகம் நினைவுகூர்கிறார்கள் என்று 1998-ல் வெல்ஸும் கிளார்க்கும் சக ஆய்வாளர் ஒருவரோடு எழுதினார்கள். எதிரில் இருந்தவர்களின் முகங்கள் தெரிவதில்லை. மேடையில் கூனிக் குறுகி நிற்கும் தானே தெரிகிறார். அந்தக் கோணத்தில் அவருடைய கண்கள் ஒருபோதும் இருந்ததில்லை. அதை அவர் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் நடந்ததற்குச் சாட்சியாக அதைத்தான் நம்புகிறார். பயம் வரைந்த படம் நினைவு என்ற பெயரில் உள்ளே மாட்டப்பட்டிருக்கிறது.

■ பெட்டிச் செய்தி: டி-ஷர்ட்டை எத்தனை பேர் பார்த்தார்கள்?
அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் நடத்தி, 2000-ல் வெளியிட்ட சோதனை. மாணவர் ஒருவருக்கு, போட்டுக்கொள்ளவே சங்கடப்படும்படி பாடகர் பேரி மேனிலோ படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். “எத்தனை பேர் இந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள்?” என்று பிறகு கேட்டார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்கள் அணிந்தவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். இவர்கள் நோயாளிகள் அல்லர், சாதாரண மாணவர்கள். ‘நாலு பேர் என்ன நினைப்பாங்க’ என்று நாம் நடுங்குகிற அந்த நாலு பேரில் மூன்று பேர் பார்க்கவே இல்லை.

“நேத்து நைட் வரைக்கும் தெரியும் சார்”

செய்முறைத் தேர்வு நடக்கும் எந்தக் கல்லூரியிலும் வைவா அறைக்கு வெளியே சிறிது நேரம் நின்று பாருங்கள். நண்பனுக்கு அரைமணி நேரம் பாடம் சொல்லிக்கொடுத்தவன் உள்ளே போய், வெளியூர் எக்ஸாமினர் முன்னால் அதே கேள்விக்கு வாயடைத்து நின்றுவிட்டு வருவான். வெளியே வந்து மூன்றாவது படிக்கட்டில் பதில் ஞாபகம் வரும். “படிக்கல” என்று மதிப்பெண் போட்டாகிவிட்டது.

கையிலிருக்கும் விஷயங்களை மனதில் ஏந்திக்கொண்டு யோசிக்கும் இடத்துக்குச் செயல் நினைவு என்று பெயர். மிகச் சிறிய இடம். கவலை அதற்குள் குடியேறினால் பதிலுக்கு இடமில்லை என்பது இங்கிலாந்து உளவியலாளர் மைக்கேல் ஐசங்க் பல ஆண்டுகளாக முன்வைத்துவரும் கருத்து. ‘அவர் முகம் ஏன் இப்படி இருக்கு, தப்பாச் சொல்லிட்டேனா’ என்ற ஓட்டமும் ஓம் விதியும் ஒரே நாற்காலிக்குச் சண்டை போடுகின்றன.

உடலும் சேர்ந்துகொள்கிறது. 1993-ல் ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழகம் ஒரு சோதனை முறையை உருவாக்கியது. மன அழுத்த ஆய்வுகளில் உலகெங்கும் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வேலைக்கான நேர்காணல் போல 5 நிமிடம் பேச வேண்டும். பிறகு 5 நிமிடம் 1022-லிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும்; தவறினால் மறுபடி 1022. எதிரில் இருக்கும் நடுவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள். ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுவதற்கு இவ்வளவு போதும். முந்தைய நாள் மனப்பாடம் செய்த சொற்களை இந்தச் சோதனைக்குப் பிறகு சொல்லச் சொன்னால் இளைஞர்கள் குறைவாகவே சொன்னார்கள் என்று 2005-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கற்றது உள்ளேதான் இருக்கிறது. எடுக்க முடியவில்லை. சிரிக்காத நடுவர், திடீர்க் கேள்வி, பின்னால் காத்திருக்கும் வரிசை: நம் வைவா அறைகளும் கேம்பஸ் இன்டர்வியூ அறைகளும் அந்த ஆய்வகத்தை நகலெடுத்ததுபோலவே இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். நேர்காணலுக்குத் தயார்செய்கிறோம் என்ற பெயரில் நடக்கும் பல பயிற்சிகள் இந்தக் காயத்தில்தான் கை வைக்கின்றன. “நேரா உட்காரு, கையை இப்படி வை, கண்ணைப் பாரு, ‘ம்ம்’ போடாதே, சிரிச்ச முகமா இரு.” ஏற்கெனவே தன்னையே படம் பிடித்துக்கொண்டிருக்கும் பையனிடம் இன்னும் ஐந்து கேமராக்களைக் கொடுத்து அனுப்புகிறோம். கேள்வியைக் கேட்க எந்தக் காது மிச்சம்?

திமிர் என்று பெயர் வாங்கியவர்கள்

கல்யாண மண்டபம். பட்டுச்சேலை அத்தை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார், “என்னை யாருன்னு தெரியுதா? சொல்லு பார்ப்போம்.” சுற்றி ஆறு பேர் பார்க்கிறார்கள். போன வருடம் கிரகப்பிரவேசத்தில் அறிமுகப்படுத்திய அதே அத்தை. அன்றைக்கும் சுற்றி ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அவர் பெயர் பதியவில்லை. பையன் அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறான். “பெரிய படிப்புப் படிச்சதும் சொந்தம் மறந்துபோச்சு” என்று தீர்ப்பு வந்துவிடுகிறது.

அறிமுகமில்லாத ஒருவரோடு சிறிது நேரம் உரையாடவைத்து, பிறகு அவரைப் பற்றிய விவரங்களைக் கேட்கும் ஆய்வுகள் 1990-லும் 2000-த்திலும் வந்திருக்கின்றன. பதற்றம் அதிகமுள்ளவர்கள் எதிரில் இருந்தவரைப் பற்றிக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஞாபகசக்தியில் குறை இல்லை. அக்கறையிலும் குறை இல்லை. உண்மையில் அந்த அறையிலேயே எதிரில் இருப்பவரின் மதிப்பை அதிகம் நாடியவர் அவர்தான். அதனாலேயே அவரைக் கவனிக்க முடியாமல் போனது. பெயர் மறந்ததால் அடுத்த முறை பார்க்கும்போது ஒதுங்குகிறார். ஒதுங்கியதால் திமிர் பிடித்தவர் என்ற பெயர். நட்பு இப்படித்தான் அவருக்கு ஆரம்பத்திலேயே அறுந்துபோகிறது.

பெண் பார்க்கும் சடங்கை யோசித்துப் பாருங்கள். கூடத்தில் பதினைந்து பேர். காபித் தட்டோடு ஒரு பெண் வருகிறாள். டம்ளர்கள் அசைவதும் புடவைக் கொசுவம் காலில் தட்டுவதும்தான் அவள் உலகம். வண்டி கிளம்பியதும் அம்மா கேட்கிறார், “பையன் எப்படி, பிடிச்சிருக்கா?” அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு நிமிடம் பேசவைத்தார்களே, அவன் என்ன சொன்னான் என்பதும் நினைவில்லை. வாழ்நாள் முடிவுக்கான சாட்சியம் கையில் ஒன்றுமே இல்லாமல் தலையசைக்கிறாள். அதை வெட்கம் என்று வீடு ரசிக்கிறது.

மருத்துவமனையிலும் இதே கதைதான். வெளிநோயாளிகள் பிரிவில் டாக்டர் எதிரே உட்காரும் மூன்று நிமிடங்களில் “சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்தவருக்கு, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று வெளியே வந்ததும் தெரியாது. திரும்பப் போய்க் கேட்கவும் முடியாது. கேட்பதே பெரிய மேடை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தவறாக மாத்திரை விழுங்குகிறவர்களில் இவர்களும் இருக்கிறார்கள்.

பெண் பிள்ளை என்றால் இந்தப் பதற்றத்துக்கு ‘அடக்கம்’ என்று பாராட்டு. ஆண் பிள்ளை என்றால் “என்னடா பொம்பளப் புள்ள மாதிரி” என்று கேலி. பாராட்டு, கேலி இரண்டுமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன: யாரும் சிகிச்சைக்குப் போவதில்லை.

ராத்திரி நடக்கும் போஸ்ட்மார்ட்டம்

நிகழ்ச்சி முடிந்துவிட்டது, விருந்தினர்கள் போய்விட்டார்கள். பதற்றம் உள்ளவருக்கு இரண்டாவது காட்சி அப்போதுதான் தொடங்குகிறது. ‘அப்படிச் சொன்னேனே, அவர் ஏன் அப்படிப் பார்த்தார்?’ என்று சொல் சொல்லாக அறுத்துப் பார்க்கிறார். இதைப் போஸ்ட்மார்ட்டம் என்றே நிபுணர்களும் குறிப்பிடுகிறார்கள். மேடையில் கிடைத்த கைதட்டல் பதிவாகவில்லை; பதிவானது படபடப்பு மட்டும். அதையே திரும்பத் திரும்ப ஓட்ட ஓட்ட, ஒவ்வொரு இரவும் படம் கொஞ்சம் மோசமாகிறது. அடுத்த அழைப்பு வரும்போது மனம் தேடி எடுப்பது இந்தப் படத்தைத்தான். “எனக்கு வராது, வேற யாரையாவது பேசச் சொல்லுங்க.”

பயந்தவர்களுக்குக் கெட்ட சொற்கள் எல்லாம் அதிகம் நினைவிருக்கும் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். சொற்பட்டியல்களைக் கொடுத்து ஆய்வகத்தில் சோதித்தபோது சீரான முடிவு கிடைக்கவில்லை. சில ஆய்வுகளில் ஆம், பலவற்றில் இல்லை. ஆக, கெட்டதை மட்டும் சேமிக்கும் பெட்டி எதுவும் அவர்கள் தலைக்குள் இல்லை. தன்னைப் பற்றித் தானே வரைந்த படம்தான் சிக்கல்.

அந்தப் படத்துக்கு வயதும் உண்டு. ஆன் ஹேக்மன், கிளார்க் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், சமூகப் பதற்றக் கோளாறு உள்ளவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் இந்தத் தற்சித்திரத்தின் வேரைத் தேடச் சொன்னார்கள். அது கோளாறு தொடங்கிய காலத்தில் நடந்த கசப்பான சம்பவங்களில் போய் முடிந்தது. நாற்பது வயது அதிகாரி இன்று மீட்டிங்கில் பார்ப்பது, ஏழாம் வகுப்பில் கரும்பலகை முன் நிற்கவைக்கப்பட்ட பையனை. இந்தக் கோளாறு பெரும்பாலும் தொடங்குவது 8 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில். “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று ஆசிரியர் கேட்டு வகுப்பு சிரித்த அந்தப் பத்து நொடி, கேட்டவருக்கு அன்று மாலையே மறந்திருக்கும்.

■ பெட்டிச் செய்தி: கூச்சமா, கோளாறா?
கூச்ச சுபாவம் நோய் அல்ல. பழகப் பழகக் குறையும், வாழ்க்கையைத் தடுக்காது. நாலு பேர் கவனிக்கும் இடம் என்றாலே கடும் பயம், அதைத் தவிர்ப்பதற்காகப் படிப்பையோ வேலையையோ நட்பையோ விட்டுக்கொடுப்பது, இந்த நிலை 6 மாதங்களோ அதற்கு மேலோ நீடிப்பது ஆகியவை சேர்ந்தால் மருத்துவர்கள் அதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்கிறார்கள். லண்டனில் ஐசக் மார்க்ஸ் 1960-களில் இதைத் தனியாக அடையாளம் காட்டினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1980-ல் இடம்பெற்றது. மைக்கேல் லீபோவிட்ஸ் 1987-ல் உருவாக்கிய, 24 சூழல்களைப் பற்றிக் கேட்கும் அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கேமராவை வெளியே திருப்புதல்

“பயப்படாதே” என்று சொல்வதால் எதுவும் நடக்காது. பயத்தைக் குறைக்கச் சொல்லாமல் கவனத்தை இடம் மாற்றச் சொல்வதுதான் பலன் தரும் சிகிச்சையின் மையம். கிளார்க் வடிவமைத்த முறையில் ஒரே மாதிரி உரையாடலை இரண்டு முறை செய்யச் சொல்வார்கள். முதல் முறை வழக்கம்போலத் தன்னைக் கண்காணித்துக்கொண்டு, பேசப்போகும் வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு. இரண்டாம் முறை, அதையெல்லாம் விட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதில் மட்டும் கவனம் வைத்து. எது எளிதாக இருந்தது என்று அவரே கண்டுபிடிக்கிறார். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

வீடியோவும் நல்ல மருந்து. பேசியதைப் பதிவு செய்து, போட்டுக் காட்டுவதற்கு முன் கேட்பார்கள்: “நீங்கள் எப்படித் தெரிவீர்கள் என்று நினைக்கிறீர்கள்?” கை நடுக்கம், முகத்தின் நிறம், பேச்சில் விழுந்த இடைவெளி என எல்லாவற்றையும் விவரிக்கச் சொல்வார்கள். பிறகு யாரோ ஓர் அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்க்கச் சொல்வார்கள். மனதில் இருந்த படமும் திரையில் இருக்கும் ஆளும் வேறு வேறு என்று அவரே பார்க்கிறார். பொய்ச்சாட்சி பிடிபடும் இடம் இது. பழைய வகுப்பறைச் சம்பவம்தான் வேர் என்றால், இன்றைய வயதின் அறிவோடு அந்த நினைவுக்குள் மறுபடி போய், அந்தப் பையனுக்காகப் பேசி, அதன் அர்த்தத்தை மாற்றும் சிகிச்சையும் இருக்கிறது.

நெதர்லாந்து உளவியலாளர் சூசன் போகல்ஸ் கவனத்தையே தசைபோலப் பயிற்றுவிக்கிறார். முதலில் எளிய இடங்களில் தொடங்கி, படிப்படியாகப் பயமுறுத்தும் இடங்களில், செய்கிற வேலையின்மீது கவனத்தைத் திருப்பிப் பழகும் பயிற்சி அது. வீட்டிலும் தொடங்கலாம்: பஸ்ஸில் கண்டக்டர் எந்தெந்த ஊர்ப்பெயர்களைச் சொன்னார் என்று கவனியுங்கள். மீட்டிங்கில் உங்களுக்கு முன் பேசியவரின் ஒரே ஒரு கருத்தைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், பதிலை அவர் எதிரிலேயே எழுதுங்கள். கடுமையான நிலையில் இவை மட்டும் போதா. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தனியாள் அமர்வாக முதலில் கொடுக்கவேண்டும் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2013-ல் பரிந்துரைத்தது. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளும் பலருக்கு உதவுகின்றன.

■ பெட்டிச் செய்தி: உதவி எங்கே?
பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வெவ்வேறு மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று தெரியவந்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய, மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தரப்பட வேண்டும்.

சிகிச்சை அறைக்கு வெளியே நாம் செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆசிரியர்களே, அறிமுகச் சுற்றை அறுபது பேரின் வரிசையாக வைக்காதீர்கள். இரண்டிரண்டு பேராக முதலில் பேசவிடுங்கள். பெயரைப் பலகையிலோ அட்டையிலோ எழுதவையுங்கள். வைவாவில் வாயடைத்து நிற்கும் மாணவனுக்கு ஒரு நிமிடமும் ஒரு துண்டுத்தாளும் கொடுங்கள். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே பதில் கேட்காதீர்கள். இன்னொரு முறை, கூட்டமில்லாமல், இருவரும் பேசட்டும்.

அத்தைகளுக்கும் மாமாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்யாணத்தில் ஒரு பையனோ பெண்ணோ உங்களைப் பார்த்துத் தயங்கி நின்றால், “என்னைத் தெரியுதா?” என்று கேட்காதீர்கள். உங்கள் பெயரையும் உறவையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.